ஒற்றைக்கால் வட்ட மேசை: வீட்டிலேயே செய்யும் முறை

(ஊராட்சி ஒன்றியத்தில் நடைபெற்ற தச்சுத் தொழிலாளர், மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரையின் வாசகம்)



உங்கள் முன்னிலையில் மரவேலையைப் பற்றி நான் பேச முற்படுவது, கொல்லத் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். உளியும் இழைப்புளியும் உங்கள் கைக்குப் பழகியவை; என் கைக்குப் பழகியவை பேனாவும் கோப்பும்தாம். ஆயினும் ஒரு பொருளை எவர் வாங்குவார், எதற்காக வாங்குவார், அதை எந்தக் கணக்கில் செய்தால் கெட்டியாக நிற்கும் என்பவற்றைத் தொகுத்துச் சொல்வது என் போன்றவர்களின் கடமை. அந்த முறையில் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நான்கைந்து பேர் சுற்றி அமர்ந்து உண்ணத்தக்க, நடுவில் ஒரே தூண் கொண்ட மர வட்ட மேசை.

மேசை எதற்கு?

தரையில் அமர்ந்து இலையில் உண்பது நமது பழைய வழக்கம். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முடிந்தவர்கள் அவ்வாறே உண்ணட்டும். ஆனால் நம் ஊர்களில் வயது முதிர்ந்தோர் தொகை பெருகி வருகிறது. முழங்கால் வலியினால் தரையில் அமர இயலாதவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் என்ன செய்கிறார்கள்? திண்ணையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியே அமர்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உண்கிறார்கள். வீட்டார் எல்லாரும் ஒரு பக்கம். வீட்டுக்கு மூத்தவர் இன்னொரு பக்கம்.

இன்னொன்றையும் தாய்மார்கள் அறிவார்கள். பரிமாறுகிறவர் கடைசியில்தான் உண்கிறார். எல்லாரும் எழுந்த பிறகு, அடுப்படியில், ஆறிப்போன சோற்றில் எஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு உண்பவர் பெரும்பாலும் பெண்ணே. இவ்வழக்கத்தை ஒரு மேசை மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மனம் மாறினாலன்றி வழக்கம் மாறாது. ஆனால் மனம் மாறியவர்களுக்கு மேசை உதவி செய்யும். எவ்வாறெனில், வட்ட மேசையின் நடுவில் சோற்றுப் பாத்திரமும் குழம்பும் கறியும் இருக்குமானால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். பரிமாற ஒருவர் நின்றுகொண்டேயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சமைத்தவரும் உடன் அமரலாம். மேலும் நீள மேசைக்குத் தலைமாடு உண்டு. வட்ட மேசைக்கு அது கிடையாது. இரவில் அதே மேசை பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் பயன்படும்.

அளவு

42 அங்குலம், அதாவது மூன்றரை அடிக் குறுக்களவு கொண்ட மேசையை நான் பரிந்துரைக்கிறேன். இதன் சுற்றளவு 132 அங்குலம், பதினொரு அடி. ஒருவர் முழங்கை இடிக்காமல் உண்ண இரண்டடி வேண்டும். ஆகவே நால்வர் வசதியாகவும், ஐவர் சற்று நெருங்கியும் அமரலாம். விளிம்பிலிருந்து நடுவுக்கு 21 அங்குலமே ஆகையால், அமர்ந்தவர் எழாமலே நடுப்பாத்திரத்தை எட்டலாம். இதைவிடப் பெரிதாகச் செய்யச் செய்ய, நடு எட்டாமற் போகும். நம் வீடுகளில் இடமும் போதாது. அமர்ந்தவருக்குப் பின்னால் ஒருவர் நடந்து போக இரண்டரை அடியாவது விட வேண்டும் அல்லவா?

உயரம் 29½ அங்குலம். சாதாரண நாற்காலியின் இருக்கை 17 அல்லது 18 அங்குல உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓரடி இருந்தால் கை இயல்பாக வரும், தொடையும் இடிக்காது.

ஒற்றைக்கால் ஏன்?

நம் மொழியில் முக்காலி, நாற்காலி என்று இருக்கைகளுக்குக் கால்களை எண்ணியே பெயர் வைத்தார்கள். கால்கள் மூலையில் நிற்கும்போது உட்காருபவரின் கால் அவற்றில் இடிக்கும். நாலு பேர் மேசைக்கு ஐந்தாமவர் வந்தால், அவருக்கு மேசைக்காலே எதிரில் நிற்கும். தூண் நடுவில் இருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முழங்கால் வலி உள்ளவர் காலை நீட்டிக்கொள்ளலாம்.

ஒற்றைக்கால் எவ்வாறு நிற்கும் என்று ஐயுறுவோர் வீட்டிலுள்ள குத்துவிளக்கைப் பாருங்கள். மெல்லிய தண்டு, மேலே எண்ணெய் நிறைந்த அகல். ஆயினும் அது சாய்வதில்லை. அடித்தட்டு அகலமாகவும் கனமாகவும் வார்க்கப்பட்டிருப்பதே காரணம். மேசைக்கும் இதே நியாயந்தான்.

நண்பர்கள் சிலர், முக்காலி ஆடாது ஆகையால் மூன்று பாதம் வைக்கலாம் என்று கூறுவதுண்டு. மேடுபள்ளமான தரையில் மூன்று பாதம் ஆடாது என்பது உண்மையே. ஆனால் ஆடுவது வேறு, கவிழ்வது வேறு. மேசை ஒரு பக்கமாகச் சாயும்போது, அடுத்தடுத்த இரண்டு பாதங்களின் நுனிகளைச் சேர்க்கும் கோட்டின்மேல் சாய்கிறது. அந்தக் கோடு நடுத்தூணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு மேசை பத்திரமானது.

கணக்கைப் பாருங்கள். பாத நுனி நடுவிலிருந்து 18 அங்குலத்தில் இருக்கட்டும். நான்கு பாதமாயின் சாயும் கோடு நடுவிலிருந்து 12¾ அங்குலத்தில் அமையும். மூன்று பாதமாயின் 9 அங்குலத்தில் அமைந்துவிடும். மேசையின் மொத்த எடை 30 கிலோ என்று கொள்வோம். நான்கு பாத மேசையின் விளிம்பில் ஏறத்தாழ 46 கிலோ பாரம் அழுத்தினாலன்றி அது கவிழாது. மூன்று பாத மேசை 22 கிலோ சொச்சத்திலேயே எழும்பிவிடும். அழகுக்காகப் பாதத்தைக் குறுக்கி, நுனியை 14 அங்குலத்தில் நிறுத்தினால், நான்கு பாதம் இருந்தும் 27 கிலோவுக்குள்ளாகவே மேசை சாயும்.

இது ஏட்டுக் கணக்கன்று. முழங்கால் வலியுள்ள மூதாட்டி நாற்காலியை விட்டு எழும்போது இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றித்தான் எழுவார். அந்த நொடியில் மேசை சாய்ந்தால், சுடு குழம்பு அவர்மேல் கவிழும், அவரும் விழுவார். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் மீண்டும் நடமாடுவது அரிது. யாருக்காக இந்த மேசையைச் செய்கிறோமோ அவருக்கே அது தீங்காகிவிடக் கூடாது. ஆகவே நான்கு பாதம், நுனிக்கு நுனி 36 அங்குலம் என்னும் அளவைக் குறைக்க வேண்டாம். எத்தனை அகலமாகச் செய்தாலும், விளிம்பில் ஏறி உட்காரக் கூடாது என்பதையும் வாங்குவோரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் தொற்றி ஏறும் அங்கன்வாடி போன்ற இடங்களுக்கு ஒற்றைக்கால் மேசை ஏற்றதன்று. அங்கே நான்கு கால் மேசையே தகும்.

எந்த மரம்?

தேக்குக்கு நிகரில்லை. அது அதிகம் சுருங்குவதில்லை. செல்லும் எளிதில் அணுகாது. ஆனால் விலையை நினைத்தால் நம்மில் பலருக்கு அது எட்டாது. தேக்கு, ஈட்டி, சந்தனம் முதலிய மரங்களை வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் தனி விதிகள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரையும் வனத்துறையினரையும் கேளாமல் அவற்றில் கை வைக்க வேண்டாம்.

நம் புழக்கடையிலும் வாய்க்கால் கரையிலும் வளர்பவற்றுள் வாகை மேற்பலகைக்கு மிக ஏற்றது. அதன் வைரம் பழுப்பு நிறமாய், ரேகை தெளிவாய் இருக்கும். அறுக்கும்போது எழும் தூள் தும்மலை உண்டாக்கும். ஆதலால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. பலாவின் வைரம் மஞ்சளாயிருந்து நாளடைவில் பழுப்பேறும், அதுவும் நல்லது. பூவரசு உறுதியானது, ஆனால் நேரான நீளப் பலகை கிடைப்பது கடினம். வேம்பை பூச்சி எளிதில் அரிக்காது. ஆயினும் அதன் ரேகை முன்னும் பின்னும் பின்னியிருப்பதால் இழைப்பதற்குப் பொறுமை வேண்டும். மா மலிவு, அகலப் பலகையும் கிடைக்கும். ஆனால் வண்டு எளிதில் துளைக்கும். எந்த மரமாயினும் வெளிறை நீக்கி வைரத்தையே பயன்படுத்துக. உண்ணும் மேசையாகையால் மேற்பலகையில் பூச்சிமருந்து பூசுவது கூடாது.

பாதங்களுக்கு நான் கூறப்போகும் மரம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். அது சீமைக்கருவேலம். நம் கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும் இந்த அயல் மரத்தை அகற்ற நீதிமன்ற ஆணைகளும் அரசாங்கத்தின் கொள்கையும் வந்துள்ளன. வெட்டியதில் பெரும்பகுதி விறகாகவும் கரியாகவும் போகிறது. ஆனால் அதன் வைரம் கனமானது, கடினமானது. உலரும்போது மற்ற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும். நீளமான நேர்மரம் கிடைப்பதில்லை என்பதே அதன் குறை. நமக்கு வேண்டியதோ மூன்றடித் துண்டுகள்! பாதம் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்பதை முன்பே கண்டோம். மூட்டத்தில் போடுமுன், அடிமரத்தில் நேராயுள்ள துண்டுகளைப் பொறுக்கி வைக்குமாறு கரி சுடுவோரிடம் சொல்லி வையுங்கள்.

காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தவர். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் பொருள்களையும், எடுத்தாலும் மீண்டும் விளையும் பொருள்களையும் பிரித்துக் காட்டி, பின்னவற்றின்மேல் கட்டிய வாழ்வே நிலைக்கும் என்று அவர் வற்புறுத்தினார். பிளாஸ்டிக் மேசை பூமிக்கடியிலுள்ள எண்ணெயிலிருந்து வருகிறது, உடைந்தால் குப்பை. மர மேசை மண்ணிலிருந்து வருகிறது, உடைந்தால் திருத்தலாம்.

உலர்த்துதல்

பச்சை மரத்தில் செய்த மேசை ஓராண்டு தாங்காது. பலகைகளை அறுத்தவுடன் நிழலான, காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஓரங்குலச் சட்டங்களை, ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வருமாறு வைக்க வேண்டும். பலகைகளின் இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு தடவுக. முனை விரைவாகக் காய்வதால்தான் வெடிப்பு ஏற்படுகிறது. மேலே கனமான கட்டைகளை ஏற்றி வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளாது.

ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே உலர்வதும் உண்டு. எவ்வாறு அறிவது? ஒரு சிறு துண்டை அடுக்கிலேயே வைத்து, பதினைந்து நாளுக்கொருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை எடை மாறாமல் இருந்தால் மரம் காற்றுக்கு ஈடாக உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தை மாதத்தில் அடுக்கினால் வெயிற்காலம் முழுவதும் பயன்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பீடம் செய்யும் முறை

ஒரு மேசைக்குச் சேதாரம் உட்பட ஏறத்தாழ மூன்றரைக் கன அடி மரம் வேண்டும். பீடத்துக்கு மூன்று உறுப்புகள்: கீழே பாதக் குறுக்கு, நடுவில் தூண், மேலே தாங்கும் குறுக்கு.

பாதக் குறுக்குக்கு மூன்றங்குலச் சதுரத்தில் 36 அங்குல நீளமுள்ள இரண்டு கட்டைகள் தேவை. இவற்றின் நடுவில் மூன்றங்குல அகலத்துக்கு, ஒன்றில் மேல்பாதியையும் மற்றதில் கீழ்ப்பாதியையும் ஒன்றரை அங்குலம் வெட்டி எடுத்து, ஒன்றினுள் ஒன்று படியச் செய்க. கோட்டுக்கு உள்ளேயே ரம்பத்தை ஓட்டி, உளியால் செதுக்கி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். மேல் குறுக்கையும் இவ்வாறே, இரண்டரை அங்குலச் சதுரத்தில் 28 அங்குல நீளமுள்ள இரண்டு கட்டைகளால் செய்க. கட்டைகளின் நுனியை நோக்கிச் சாய்வாக இழைத்துவிட்டால் முழங்காலில் இடிக்காது; பார்வைக்கும் நன்றாயிருக்கும்.

தூண் ஐந்தங்குலச் சதுரம், 22½ அங்குல உயரம். ஒரே கட்டையில் தூண் எடுத்தால் மரத்தின் நடுமையம் உள்ளே அகப்பட்டு, பின்னர் நீள வெடிக்கும். ஆகவே இரண்டரை அங்குலக் கனமுள்ள இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்வதே முறை. ஒட்டுமுன் இரண்டின் உட்புறத்திலும் நடுநீளத்தில், 15 மில்லிமீட்டர் அகலமும் அதில் பாதி ஆழமும் உள்ள பள்ளம் எடுத்துக்கொள்க. ஒட்டியபின் தூணின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை தானே அமைந்துவிடும். நீளத் துரப்பணம் வாங்க வேண்டிய செலவு மிச்சம். பள்ளத்துக்குள் பசை வழிந்து அடைக்காதபடி, ஈரத்துணி சுற்றிய கம்பியை உடனே ஒருமுறை ஓட்டி எடுத்துவிடுக.

சதுரத் தூணை எட்டுப்பட்டையாக்கினால் அழகாயிருக்கும். அதற்கொரு சுலபக் கணக்கு உண்டு. பக்கத்தின் அகலத்தை 24 பங்காக்கி, 7, 10, 7 என்று பிரித்துக் கோடிடுக. நம் தூணுக்கு ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் வரும். கோட்டுக்குக் கோடு மூலையை இழைத்துவிட்டால் எட்டுப் பக்கமும் சமமாக வரும். கடைசல் பட்டறை உள்ளவர்கள் இந்த நிலையிலிருந்து உருட்டியும் கொள்ளலாம்.

இனி மூன்று உறுப்பையும் சேர்க்க வேண்டும். பாதக் குறுக்கின் நடுவிலும் மேல் குறுக்கின் நடுவிலும் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் மரையிட்ட இரும்புக் கம்பியொன்றைத் தூணின் ஊடே செலுத்தி, இரு புறமும் அகலமான வாஷரும் நட்டும் இட்டு முறுக்குக. நட்டுகள் மரத்துக்குள் அடங்குமாறு அரையங்குலப் பள்ளம் எடுத்துக்கொள்க. கம்பி 28 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கம்பி இழுத்துப் பிடிக்குமேயன்றிச் சுழலாமல் தடுக்காது. ஆகவே தூணின் இரு முனைகளிலும் நடுவை விட்டு விலகி, நான்கு நான்கு மரமுளைகளை ஓரங்குல ஆழத்துக்கு இறக்குக. இச்சேர்மானங்களில் பசை இட வேண்டாம். பசையில்லாவிடில், வெயிற்காலத்தில் மரம் சுருங்கித் தளர்ந்தால் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். வீடு மாறும்போது கழற்றியும் எடுத்துச் செல்லலாம்.

பாத நுனிகளின் அடியில் அரையங்குலக் கனமுள்ள தட்டுகளை ஒட்டுக. அப்போது மேசை நான்கு இடங்களில் மட்டும் தரையைத் தொடும். ஆட்டம் இருந்தால், உயர்ந்து நிற்கும் தட்டைச் சற்று இழைத்து ரசமட்டம் பார்த்துச் சரிசெய்க.

வண்டிச் சக்கரம் செய்த கைகள் இன்னும் இந்த ஒன்றியத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு இதைவிடச் சிறந்த முறை ஒன்று தெரியும். சக்கரத்தின் குடத்தில் துளை எடுத்து ஆரக்கால்களை அறைந்து நிறுத்துவது போலவே, எட்டுப்பட்டைத் தூணின் அடியில் துளை எடுத்து, கழுந்து சீவிய நான்கு பாதங்களை நேராக அறைந்துவிடலாம். டயர் வண்டி வந்தபோது சக்கர வேலை குறைந்தது. டிராக்டர் வந்தபோது வண்டியே குறைந்தது. குடத்துக்கும் ஆரத்துக்கும் பொருத்தம் பார்க்கும் அந்த நுட்பம் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடுமோ என்னும் கவலை எனக்கு உண்டு. அது மறையாமல் இருக்க வேண்டுமானால் அதற்கு வேலை வேண்டும். பாராட்டுரையால் எந்தத் தொழிலும் பிழைத்ததில்லை.

மேற்பலகை

ஐந்தரை அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் கொண்ட எட்டுப் பலகைகள் வேண்டும். நடுவிலுள்ள நான்கும் 44 அங்குலம். அவற்றை அடுத்தவை 39 அங்குலம். இரு ஓரத்துப் பலகைகள் 30 அங்குலம் போதும். வட்டம் குறுகும் இடத்தில் முழு நீளம் வீணே.

அடுத்தடுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவது போல் சேர்த்துப் பிடித்து, இரண்டின் ஓரத்தையும் ஒன்றாக இழைக்க வேண்டும். இழைப்புளி சிறிது சாய்ந்திருந்தாலும் ஒன்றின் குறை மற்றதன் நிறைவால் ஈடாகிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. வெள்ளைப் பசை தடவி, கிளாம்புகளால் இறுக்குக. கிளாம்பு இல்லாதவர்கள் இரண்டு கெட்டிச் சட்டங்களில் முளையடித்து, பலகைக்கும் முளைக்கும் இடையே எதிரெதிராக ஆப்புகளை அறைந்து இறுக்கலாம். மேலும் கீழும் மாறி மாறி இறுக்கினால் பலகை வளைந்து எழும்பாது. ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் இரு புறமும் இழைத்து ஓரங்குலக் கனத்துக்குக் கொண்டு வருக.

வட்டம் போட நூலைப் பயன்படுத்த வேண்டாம், நூல் நெகிழும். மெல்லிய சட்டமொன்றில் ஆணித் துளையும், அதிலிருந்து 21 அங்குலத்தில் பென்சில் துளையும் இட்டு, பலகையின் அடிப்புறத்தில் வட்டம் வரைக. கோட்டுக்கு வெளியே எட்டில் ஓரங்குலம் விட்டு அறுத்து, பின்னர் கோடு வரை இழைக்க வேண்டும். ரேகை மாறும் இடங்களில் இழைப்புளி செதிலைப் பெயர்க்கும். அங்கே நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழைப்பதே நல்லது. விளிம்பை மேலும் கீழும் மழுக்கிவிடுக.

அடுத்து, மேற்பலகையைப் பீடத்தோடு பொருத்தும் இடம். பல மேசைகள் வெடிப்பது இங்கேதான். மரம் நீளவாட்டத்தில் அநேகமாக மாறுவதில்லை. ஆனால் அகலவாட்டத்தில் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். 42 அங்குல அகலத்தில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை மாறுதல் காணலாம். ஆண்டு முழுவதும் ஒரே வட்டமாக இருக்கும் மர மேசை கிடையாது! அதைப் பசையாலோ ஆணியாலோ கட்டிப்போட்டால், அசைய வழியின்றிப் பலகை பிளக்கும். ஆகவே ரேகைக்குக் குறுக்காக அமையும் மேல் கட்டையில், நுனியருகே இடும் திருகு துளைகளைக் கட்டையின் நீளவாட்டத்தில் அரை அங்குலம் நீட்டி, ஓட்டைபோல் செய்துகொள்க. நடுவருகே உள்ள திருகு மட்டும் அசையாமல் இருக்கட்டும். திருகு வாஷருடன் இருந்தால் பலகை விரியும்போது அதுவும் உடன் நகரும். ரேகையை ஒட்டி ஓடும் கட்டைக்குச் சாதாரணத் துளையே போதும். கட்டையின் அடியில் ஓரங்குலம் பள்ளமிட்டு, இரண்டேகால் அங்குலத் திருகைப் பயன்படுத்தினால், முக்கால் அங்குலம் பலகைக்குள் ஏறும், மேற்புறம் துளைக்காது.

பூச்சு

உப்புத்தாளால் ரேகையோடு ஒட்டி, முதலில் சொரசொரப்பானதிலும் பின்னர் நைசானதிலும் தேய்க்க வேண்டும். அரக்குப் பாலிஷ் பளபளப்பானது. ஆனால் சூடான பாத்திரம் பட்டால் வெண்ணிற வளையம் விழும். உண்ணும் மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்து, நன்கு காய்ந்தபின் மறுபூச்சு இடுக. மூன்று நான்கு பூச்சு வேண்டும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, அழுக்கைத்தான் சேர்க்கும். மேற்புறம் எத்தனை பூச்சோ அடிப்புறமும் அத்தனை பூச்சு இருக்கட்டும். ஒருபுறம் மட்டும் பூசினால் இரு புறமும் ஈரத்தை ஏற்பது வேறுபட்டு, பலகை கிண்ணம்போல் வளையும்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். தென்னங்கீற்றுக் கொட்டகையில் வேலை செய்பவர்கள் இதை ஒருபோதும் மறக்கலாகாது. துணியை வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

தொழிலும் வருவாயும்

தனி ஒருவர் மரம் வாங்கி, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, மேசை செய்து விற்பது எளிதன்று, முதல் முடங்கும். குழுவாகச் சேர்ந்தால் அது இயலும். 1989-ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முயற்சி மாநிலமெங்கும் பரவியது, சிறு சேமிப்பு ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. ஒரு குழு உலர்ந்த மரத்தை இருப்பில் வைக்கட்டும். தச்சர்கள் அறுத்துப் பொருத்தட்டும். தேய்ப்பதும் பூசுவதும் குழுப் பெண்கள் கற்றுக்கொள்ளட்டும். பொருத்தும் வேலையையும் அவர்கள் ஏன் கற்கக் கூடாது? உளிக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது.

2025 ஏப்ரலில் மாநில அரசாங்கம் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் இடம் பெற்றது. தொடக்க அறிவிப்பின்படி 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் மானியமும் உண்டு. விண்ணப்பிக்கும் காலத்தில் நடப்பிலுள்ள விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து செயற்படுக. கடன் வாங்குமுன் ஒரு மேசையைச் செய்து உங்கள் வீட்டிலேயே போட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் பாருங்கள். ஆடாமலும் வெடிக்காமலும் நின்றால், அதுவே உங்கள் விளம்பரம். விற்கும்போது இன்ன மரம், எப்போது அறுத்தது, எத்தனை மாதம் உலர்ந்தது என்று அடிப்புறத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். கடையில் வாங்கும் மேசையில் செய்தவன் பெயர் இராது. உங்கள் மேசையில் இருக்கட்டும்.

அன்பர்களே, சாலையும் குடிநீரும் பள்ளிக் கட்டடமும் கிராம வளர்ச்சியே. அவற்றின் கணக்கு எங்கள் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் மூத்தவரும், சமைத்தவரும், பிள்ளைகளும் ஒரே வேளையில் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்களா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். பலகை ஒட்டும் முறையை இன்று பிற்பகல் மூத்த தச்சர்கள் செய்து காட்டுவார்கள். அனைவரும் இருந்து பார்த்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.